மார்கழிப் பனியும் மாசி வைக்கலும்

அன்புள்ள அண்ணைக்கு,

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். மார்கழியில் வன்னிக் கிராமம் ஒன்று எப்படி விடியும் என்று ஒரு கட்டுரை எழுதுவீங்களா? பனிமூட்டம், அடுப்படிப் புகை, திருவெம்பாவைச் சங்கு எல்லாவற்றையும் என்ரை பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஆசை. முந்தியை விட இப்ப குளிர் கூடிப்போச்சு என்று ஊரில் சொல்லுகினம், உண்மையா? ஒட்டுசுட்டான் பக்கம் பெரியம்மா ஆறு மாடு வைத்திருந்தவா. மார்கழியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் ஒரு பசு விறைத்துச் செத்துப்போச்சு. மிச்சம் ஐந்துக்கும் தகரக் கூரை, சீமெந்து நிலம், ஒரு சூட்டு விளக்கு என்று செய்துகொடுக்கக் காசு சேர்க்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புத் தம்பி,

மார்கழியில் பனிமூட்டம் என்று உமக்கு யார் சொன்னது? சினிமாவில் பார்த்திருப்பீர். வன்னிக்கு மார்கழி என்றால் மாரியின் நடு. வானம் மூடிக் கிடக்கும், மண் ஊறிக் கிடக்கும், உப்புச் சிரட்டையை அடுப்புக்கு மேலே பறணில் வைத்தாலும் உப்புக் கசியும். நெருப்புப்பெட்டி அரிசிப் பானைக்குள் இருந்தால்தான் பற்றும். விறகு நனைந்த வீட்டில் ஊமல்தான் தெய்வம்: கிழங்குக்குப் போட்ட பனங்கொட்டையின் காய்ந்த ஓட்டை நாலு போட்டால் தேத்தண்ணி கொதித்துவிடும்.

பனி பார்க்கவேண்டுமென்றால் தையில் வாரும். மழை விட்டு, முகில் கலைந்து, காற்றும் அடங்கிய இரவுகளில்தான் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போகும். நிலம் குளிர்ந்துவிட, அதில் இன்னும் இருக்கிற ஈரம் விடியப்புறம் பனியாகி வயலுக்கு மேலே வெள்ளையாக நிற்கும். அடுப்புப் புகையும் மேலே போக வழியில்லாமல் கூரை உயரத்தில் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொன்னவர்கள் மாதத்தைச் சரியாகத்தான் சொன்னார்கள். திருவெம்பாவை பத்து நாள், திருவாதிரையோடு முடியும். சங்கும் சேமக்கலமும் இப்போதும் ஊர்களில் கேட்கின்றன. பாட்டைப் பிள்ளைகளுக்கு நீரே பாடிக் காட்டலாம், அதற்கு என் கட்டுரை எதற்கு? குளிர் கூடியதா குறைந்ததா என்பதை யாரோ ஒருவர் போர்த்திய போர்வையை வைத்துச் சொல்ல முடியாது. அதை விடும்.

உமது கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது பெரியம்மாவின் பசு. இப்போது மாசி. காலபோக வெட்டு, அதாவது மாரி நெல் அறுவடை, நடக்கிறது. பின்னேரமானால் முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கமும் சரி, இரணைமடுக் குளத்துக்குக் கீழேயும் சரி, வயலில் வைக்கல் எரிகிறது. அந்தப் புகையைப் பார்க்கிறபோதெல்லாம் மனதில் ஓடுகிற கணக்கை உமது கடிதம் கிளறிவிட்டது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கிழக்குக் கடலால் வடமேற்கே போய், 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்தடியில் கரையேறியது. புயல் அங்கே ஏற, இங்கே வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. அந்தக் கிழமை காற்றில் தூசு கூடிப் பள்ளிக்கூடங்களையும் பூட்டியதால், நச்சுக் காற்று என்று ஒரு கதையும் ஓடியது. செத்ததற்குக் காரணம் குளிர் அதிர்ச்சி. அந்த நாட்களின் வெப்பநிலை, உமது ரொறன்ரோவில் சட்டையோடு மட்டும் வெளியே போகிற வெப்பநிலை. அப்படியென்றால் மாடு ஏன் சாகிறது?

காய்ந்த தோலும் நிறைந்த வயிறும் உள்ள மாடு உறைபனியிலும் நிற்கும். அதே மாட்டின் மயிர் தோல்வரை நனைந்து, மேலே காற்றும் அடித்தால் 15 பாகை செல்சியஸே அதற்குக் குளிர்தான். இது மயிர் அடர்ந்த குளிர்நாட்டு மாட்டுக்குச் சொல்லும் கணக்கு. எங்கள் நாட்டு மாட்டின் மயிர் வெயிலுக்கென்று அமைந்த மெல்லிய மயிர், அதற்கு 15 வரை இறங்கவே தேவையில்லை. அடுத்தது வயிறு. மாட்டின் பெருவயிறு ஒரு அடுப்பு. நார் உள்ள தீனி அதற்குள் கிடந்து புளிக்கப் புளிக்கச் சூடு வரும். ஆவணி, புரட்டாதி வறட்சியில் எலும்பு தெரிய மெலிந்த மாடு, ஐப்பசி மழைக்கு முளைத்த இளம்புல்லைத் தின்னும். அது முக்கால்வாசிக்கு மேலே தண்ணீர். வயிறு உப்பித் தெரியும், அடுப்பில் விறகு இராது. கார்த்திகை, மார்கழியில் வயலெல்லாம் நெல் நிற்பதால் மாட்டைக் காட்டோரத்துக்குத் துரத்துகிறோம். அங்கே போனால் மேய்ச்சல் தரையென்று ஒதுக்கிய நிலம் போதாது. மூன்று நாள் மழையில் மேயவும் முடியாது. நனைந்த தோல், காற்று, வெறும் வயிறு. மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால் விடிய எழும்பாது.

இப்போது உமது தகரத்துக்கு வருவோம். தகரம் மேலிருந்து விழும் மழையைத்தான் மறிக்கும். மாரி மழை சாய்ந்து வரும், வடக்கே இருந்து வரும் வாடைக் காற்றோடும் கிழக்கே இருந்து வரும் கொண்டல் காற்றோடும் வரும். அதனால் வடக்கிலும் கிழக்கிலும்தான் மறைப்பு வேண்டும். நிலத்திலிருந்து ஐந்தடி உயரத்துக்குக் கிடுகு அல்லது பனையோலை கட்டி, அதற்கு மேலே கூரைவரை திறந்து விடவேண்டும். முழுவதும் மூடினால் மூத்திர நாற்றம் உள்ளே நிற்கும், கன்றுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கும். சோதனை சுலபம்: விடியப்புறம் கொட்டிலுக்குள் குந்தி, மாடு படுக்கிற உயரத்தில் மூக்கை வைத்துப் பாரும். கண் எரிந்தால் காற்று போதாது. தகரந்தான் போடுவேன் என்று நின்றால் உட்பக்கத்தில் ஓலை வேயச் சொல்லும். இல்லாவிட்டால் தைப்பனியில் தகரத்தின் அடி வேர்த்து மாட்டின் முதுகில் சொட்டும், சித்திரையில் அதே தகரம் வறுத்தெடுக்கும்.

சீமெந்து நிலத்தை உமக்குச் சொல்லித்தந்தவரைக் கொண்டுவந்து ஒரு மார்கழி இரவு அதிலே படுக்கவைக்கவேண்டும். ஈரச் சீமெந்து உடம்புச் சூட்டை உறிஞ்சும், கால் வழுக்கும், தொடை விரிந்து விழுந்த மாடு பிறகு எழும்பாது. சுற்று நிலத்தை விட ஒன்றரை அடி உயர்த்திக் கிறவல் இறுக்கினால் போதும். நாற்பது அடிக்கு ஒரு அடி சரிவு, வெளியே ஒரு வாய்க்கால். ஒரு நாட்டுப் பசுவுக்கு முப்பது சதுர அடி கணக்கு வையும். அதற்கு மேலே நாலு விரற்கடைக்குக் குறையாத வைக்கல் படுக்கை. கையால் அமத்தினால் உள்ளங்கை ஈரமாகக் கூடாது, ஈரமானால் அன்றைக்கே மேலே புதிது போடவேண்டும். சூட்டு விளக்கை மறந்துவிடும். காற்று அடித்தவுடன் முதலில் போவது கரண்ட். போகாவிட்டால் வைக்கலில் நெருப்பு.

வைக்கல், வைக்கல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் மார்கழியில் மாட்டைக் காப்பாற்றுகிற வேலை மாசியில்தான் நடக்கவேண்டும். முந்தி களத்தில் சூடு அடித்து நெல்லைப் பிரித்த காலத்தில் வைக்கல் தானாக ஒரு இடத்தில் குவிந்தது. இப்போது வெட்டுமெசின் அதை வயல் நீளத்துக்குக் கோடு கோடாகத் தள்ளிவிட்டுப் போகிறது. கூட்டி அள்ள ஆள் கூலி கொடுக்கவேண்டும், நெருப்புப்பெட்டி மலிவு. அதுதான் எரிகிறது. பிறகு மார்கழியில் மாடு செத்தால் கடவுளையும் காலநிலையையும் திட்டுகிறோம்.

கணக்கைப் பாரும். ஒரு நாட்டுப் பசுவுக்கு இரவுக்கு நாலு கிலோ காய்ந்த வைக்கல். ஐந்து மாடு, அறுபது இரவு: 1200 கிலோ. ஒரு ஏக்கர் வயலிலிருந்து ஒரு தொன்னுக்குக் குறையாமல் அள்ளலாம். படுக்கைக்கும் பழுதுக்கும் சேர்த்து இரண்டு ஏக்கர் வைக்கல் கையில் இருந்தால் பெரியம்மா நிம்மதியாகப் படுக்கலாம். வெட்டின பிறகு இரண்டு நாள் வெயில் வேண்டும். பனி காய்ந்தபின், பத்து மணிக்குப் புரட்டி, நாலு மணிக்குள் அள்ளி ஏற்றிவிடவேண்டும். அந்திப் பனி இறங்கவிட்டால் பகல் முழுதும் காய்ந்தது வீண்.

வைக்கலைப் போராகக் குவித்து வைப்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். வெறும் நிலத்தில் வைத்தால் அடி ஒரு முழம் உக்கிப்போகும், கறையானும் ஏறும். மரக்குற்றிகள் அடுக்கி ஒன்றரை அடி உயரத்தில் பறண் கட்டி, நடுவில் ஒரு கம்பம் நட்டு, சுற்றிச் சுற்றி மிதித்து ஏற்றவேண்டும். நடுப்பகுதி எப்போதும் ஓரத்தை விட உயர்ந்திருக்கவேண்டும். நடு தாழ்ந்தால் மழைத்தண்ணீர் உள்ளேதான் போகும். முடிவில் பக்கங்களைக் கீழ்நோக்கி வாரிவிட்டு, உச்சிக்கு ஓலை வேய்ந்து கயிற்றால் இறுக்கவேண்டும். மூன்றாம் நாள் கையை முழங்கைவரை உள்ளே விட்டுப் பாரும். சூடாக இருந்தால் ஈரத்தோடு ஏற்றியிருக்கிறீர்கள், உடனே பிரித்துக் காயவிடவேண்டும். கறுத்து, பூசணம் மணக்கிற வைக்கலை மாட்டுக்குப் போடக்கூடாது, படுக்கைக்கும் கூடாது. கிணற்றடித் தென்னைக்குப் போடட்டும்.

தீனி போடும் நேரமும் முக்கியம். காலையில் போடுவதை விடப் பொழுதுபடப் போடுவது மேல். தின்று சில மணித்தியாலம் கழித்துத்தான் வயிற்றுச் சூடு ஏறும், ஆக அது விடியப்புறக் குளிருக்குக் கைகொடுக்கும். வேலிச் சீமைக்கிளுவைக் (கிளிரிசிடியா) குழை ஒரு கட்டு மேலதிகமாகப் போட்டால் இன்னும் நல்லது.

கன்றுக்குச் சாக்குக் கட்டுவார்கள். நல்லது, ஆனால் நனைந்த சாக்கு ஈரத் துணியைப் போர்த்தியதற்குச் சமம். உள்ளே சணல் சாக்கு, வெளியே உரப்பை, இரண்டையும் காலையில் கழற்றிக் காயவைக்கவேண்டும். பிறந்த கன்றை வைக்கலால் மயிருக்கு எதிராகத் தேய்த்து உலர்த்தி, இரண்டு மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால் (கன்று போட்டவுடன் சுரக்கும் சீம்பால்) குடிக்கவைக்கவேண்டும். பதினைந்து கிலோக் கன்றுக்கு முதல் நாளில் ஒன்றரை லீற்றர். பெரியம்மாவுக்கு இதையும் சொல்லும்: கன்றின் வாய்க்குள் விரலை வைத்துப் பார்க்கவேண்டும். வாய் சில்லென்று இருந்து விரலையும் சூப்பாவிட்டால், பாலோ பனங்கட்டித் தண்ணீரோ வாயில் ஊற்றக்கூடாது, நெஞ்சுக்குள் போய்விடும். முதலில் சுடுதண்ணீர்ப் போத்தல்களைச் சாக்கில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்து உடம்பைச் சூடாக்கவேண்டும். சூப்பத் தொடங்கிய பிறகுதான் பால். நடுங்குகிற மாட்டைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது இன்னும் போராடுகிறது. நடுக்கம் நின்று, தலையை விலாவோடு மடித்துப் படுத்த மாட்டுக்குத்தான் அந்த நிமிடமே மிருக வைத்தியரைக் கூப்பிடவேண்டும்.

திருவெம்பாவைக் கட்டுரையை வருகிற மார்கழிக்குப் பார்ப்போம். இன்றைக்கே பெரியம்மாவுக்கு ஒரு கோல் எடும். பக்கத்து வயல்களில் வெட்டு முடிந்ததா, யார் இன்னும் வைக்கலைக் கொளுத்தவில்லை என்று கேளும். கொளுத்தப்போகிறவர் பெரும்பாலும் சும்மாவே தருவார். அள்ள இரண்டு ஆள், ஏற்ற உழவு மெசின் பெட்டி ஒன்று, உச்சிக்கு ஓலை. நீர் தகரத்துக்கென்று வைத்திருக்கிற காசில் ஒரு மூலை கூடப் போகாது. ஞாயிறுக்கு விட்டுவிடாதேயும், அதற்குள் எரித்துவிடுவார்கள்.