ஷட்டர் ஏறும் முன் 20 நிமிடம்: கேள்வி பதில்

கே (காரைக்குடி, ஜவுளிக்கடை மேலாளர்): அண்ணே, கடைக்கு வந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து யோசிக்கணும்னு தினமும் நினைக்கிறேன். நடக்கவே மாட்டேங்குது.

ப: கடைக்கு வந்தபிறகு நடக்காது தம்பி. ஷட்டர் ஏறிவிட்டால் நீங்கள் வாடிக்கையாளருக்குச் சொந்தம். வீட்டு முகப்பிலேயே 20 நிமிடம் உட்காருங்கள். போன் உள்ளே, இரண்டாம் கட்டு முற்றத்தில் கிடக்கட்டும். கவிழ்த்துப் பக்கத்தில் வைத்தாலும் கை அங்கேதான் போகும். ஒரு முழுத்தாள், மேலே ஒரே ஒரு கேள்வி. ‘தீபாவளிச் சரக்கு’ என்று எழுதினால் மனசு சும்மா சுற்றிவரும். ‘தீபாவளிக்குப் பட்டில் எவ்வளவு பணம் முடக்கலாம்?’ என்று எழுதினால் பிடி கிடைக்கும். முதல் ஏழெட்டு நிமிடம் தெரிந்ததேதான் வரும், அதோடு எழுந்துவிடாதீர்கள். கேள்வியை முந்தின இரவே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் கேள்வி தேடவே நேரம் சரியாகிவிடும்.

கே (கானாடுகாத்தான்): 4 மணிக்கு எழுந்தால்தான் ஒழுங்கு வருமா?

ப: இரவு 11 மணிக்குக் கணக்கு முடிப்பவர் 4 மணிக்கு எழுந்தால் மதியம் கல்லாவில் தூங்குவார். முதலில் 7 மணி நேரத் தூக்கம்.

கே (தேவகோட்டை, தலைமையாசிரியை): வீட்டுக்கு வந்தும் பள்ளிக்கூடமே மண்டையில் ஓடுது. பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன்.

ப: ஆச்சி, கிளம்பும் முன் 5 நிமிடம் எடுத்து, முடியாமல் நிற்கிறவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளைய முதல் வேலையும் மணியும். எப்போது செய்வோம் என்று தெரிந்துவிட்டால் மனசு பிடியை விடும். ‘இனி கோபப்பட மாட்டேன்’ என்பது வெறும் ஆசை. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் விளக்கிய முறை உருப்படியானது: இன்னது நடந்தால் இன்னது செய்வேன். ‘வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஒரு செம்பு தண்ணீர் குடிப்பேன், பிறகுதான் பேச்சு.’

கே (ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை): 21 நாள் செய்தால் பழக்கமாகிடும்கிறாங்களே?

ப: அது வாட்ஸ்அப் கணக்கு. லண்டனில் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய சேதமில்லை. தொட்டியில் ஊற வேண்டிய கல்லை அவசரப்பட்டு லாரியில் ஏற்றுவீர்களா?

கே (பள்ளத்தூர், குடும்பத் தொழில்): முடிவு தப்பாகிவிட்டால் ‘அப்பவே தெரியும்’ என்கிறார்கள் எல்லாரும், நான் உட்பட.

ப: பணத்துக்குப் பேரேடு போட்ட ஊரில் முடிவுக்கு ஏடு இல்லை! ஒரு நோட்டில் தேதி, முடிவு, மூன்றுக்கு மிகாத காரணங்கள், எதிர்பார்க்கும் தொகை, கைவிட்ட மாற்று வழி. பேனாவால் எழுதுங்கள், அடித்துத் திருத்தக் கூடாது. 90 நாள் கழித்து ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) பார்க்கிறமாதிரி எடுத்துப் பாருங்கள். பெரிய முதலீடு என்றால் உளவியலாளர் கேரி க்ளைன் 2007-ல் எழுதிய வழி: ‘இந்தத் திட்டம் படுத்துவிட்டது, ஏன்?’ என்று முன்கூட்டியே ஆளாளுக்குத் தனியாக எழுதச் சொல்லி, ஒவ்வொருவராக வாசிப்பது. அவர் மேலாளரில் தொடங்கச் சொல்கிறார். நம் பக்கத்துக்கு அது சரிப்படாது. கடைசியாகச் சேர்ந்த பையனில் தொடங்குங்கள். முதலாளி முதலில் வாசித்தால் மற்றவர்கள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள்.