ஃபோர்ட்ரான் 77 நிரலைத் தூக்கிப்போட வேண்டாம்

ஆய்வகத்தில் கைக்கு வந்த ஃபோர்ட்ரான் 77 நிரலை முழுக்கப் பைத்தானில் திரும்ப எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. ஃபோர்ட்ரான் 1957-இல் வந்த நிரல்மொழிதான், ஆனால் வழக்கொழிந்துவிடவில்லை. 2023-இல்கூட அதற்குப் புதிய தரநிலை வெளியானது. உங்கள் பழைய நிரலை ஜிஃபோர்ட்ரான் என்ற கம்பைலர் (நிரல்பெயர்ப்பி) பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். பைத்தானின் எண்கணிப்பு நூலகமான நம்பையோடு வரும் எஃப்2பை கருவியை வைத்து அந்த நிரலிலுள்ள சப்ரூட்டீன்களை (துணைநிரல்களை) பைத்தானிலிருந்தே அழைக்கலாம்.

சரி, கை வைப்பதற்கு முன் பழைய விடைகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு சப்ரூட்டீனிலும் 'இம்ப்ளிசிட் நன்' (implicit none) என்ற வரியைச் சேருங்கள். அது இல்லாவிட்டால் ஆங்கில ஐ (I) முதல் என் (N) வரையிலான எழுத்துகளில் தொடங்கும் பெயரெல்லாம் தானாக முழு எண்ணாகிவிடும். ஒரு எழுத்துப்பிழைகூடப் புது மாறியாக உள்ளே நுழைந்துவிடும்! ஒரு வரியில் 72-ஆவது நெடுவரிசையை (எழுத்திடத்தை) தாண்டிய எழுத்துகள் சத்தமில்லாமல் விடுபடும், அதையும் பாருங்கள்.