பின்சில்லு வழுக்கினால் வேகம் எங்கிருந்து வரும்?

கேள்வி: எனக்கு 20 வயது, எடை 62 கிலோ. ஞாயிறு காலைகளில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் 1.8 மீற்றர் இடைவெளியில் 15 கோன் வைத்து, அவற்றுக்கு நடுவே ஸ்கேட்போர்டில் வளைந்து வளைந்து ஓடும் ஸ்லாலம் பழகுகிறேன். தரை முழுக்கச் சமதரை. பாதி சொரசொரப்பான தார், மீதி சீமெந்து. என்னிடம் இருப்பது சாதாரண 8 அங்குல அகல ஸ்ட்ரீட் போர்ட். அதோடு வந்த 51 மி.மீ. விட்டமும் 99ஏ கடினமும் உள்ள சில்லுகள் தாரில் அதிர்ந்து வேகத்தை விழுங்குகின்றன. சீமெந்தில் ஏழாவது, எட்டாவது கோனில் பின்பக்கம் வழுக்குகிறது. நண்பர் தந்த 80 மி.மீ., 78ஏ சில்லுகளைப் போட்டுப் பார்த்தேன். பிடிப்பு கிடைத்தது, ஆனால் போர்ட் மந்தமாகிவிட்டது, நன்றாகச் சாய்ந்தால் சில்லு பலகையில் தட்டுகிறது. பிடிப்பும் வேகமும் ஒன்றாகக் கிடைக்க எந்தச் சில்லு வாங்கவேண்டும்? முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு போடலாமா? அபெக் 9 தரப் பெயாரிங் போட்டால் வேகம் கூடுமா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: பிடிப்பைக் கூட்டினால் வேகம் குறையும் என்ற எண்ணத்தோடு கேட்டிருக்கிறீர்கள். சரிவில் நேராக இறங்குபவருக்கு அது ஓரளவு பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. கொழும்பின் சமதரையில் உங்களைத் தள்ளிவிட மலை இல்லை. ஒவ்வொரு கோனையும் சுற்றும்போது உடலைத் திருப்பி, பின்காலால் பலகையைப் பக்கவாட்டில் அழுத்துகிறீர்களே, அந்தப் பம்ப் ஒன்றுதான் உங்களுடைய எஞ்சின். அந்த அழுத்தத்தை நிலத்தில் சேர்ப்பது சில்லின் பிடிப்பு. சில்லு இரண்டு மில்லிமீற்றர் வழுக்கினாலும் அந்த அளவு உழைப்பு உராய்வில் கரைந்துவிடும். ஆகவே முதலில் பிடிப்பு, அதிலும் பின்சில்லின் பிடிப்பு. வேகத்துக்கான மாற்றங்களை அது கிடைத்த பிறகு தொடங்குங்கள்.

அப்படியானால் 78ஏ போட்டபோது ஏன் மந்தமானது? அதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. 80 மி.மீ. சில்லு பாரமானது, பலகையையும் உயர்த்துகிறது. 1.8 மீற்றர் இடைவெளியில் போர்டை இடமும் வலமும் விரைவாக மாற்ற வேண்டும். அந்தப் பாரமும் உயரமும் ஒவ்வொரு மாற்றத்தையும் பிந்தவைக்கும். இரண்டாவது, சில்லு வார்க்கப்பட்ட யூரித்தேன் மிக மென்மையாக இருந்தால் நீங்கள் அழுத்தும்போது பக்கவாட்டில் நசிந்து, நிமிர நேரம் எடுக்கும். அது நிமிர்வதற்குள் நீங்கள் அடுத்த கோனுக்கு வந்துவிடுவீர்கள்.

கடினத்தைக் காட்டும் எண் ஷோர் ஏ அளவையில் வருவது. எண் கூடினால் சில்லு கடினம். ஸ்லாலம் ஓடுபவர்கள் பெரும்பாலும் 78 முதல் 86 வரையுள்ள எல்லைக்குள் நிற்பார்கள். உங்களுடைய 99ஏ தந்திரங்கள் செய்வதற்கான சில்லு, வழுக்கவேண்டும் என்றே செய்யப்பட்டது. அதன்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 62 கிலோ எடைக்கும் நீங்கள் சொன்ன தரைக்கும் பின்னால் 80ஏ, முன்னால் 83ஏ என்று தொடங்குங்கள். எடை 80 கிலோவைத் தாண்டியவர் இரண்டையும் ஒரு படி கூட்டலாம். பாரம் கூடும்போது அதே சில்லு அதிகம் நசியும்.

முன்னும் பின்னும் வெவ்வேறு போடலாமா என்றால், ஸ்லாலத்தில் அது வழமையே. முன் ட்ரக் (சில்லுகளைத் தாங்கி, பலகை சாயும்போது திரும்பும் உலோக அச்சு) வழிகாட்டுகிறது. பின் ட்ரக் அதைத் தொடர்ந்து வந்து தள்ளுவிசையைத் தாங்குகிறது. முதலில் வழுக்குவதும் பெரும்பாலும் அதுதான். அதனால் மென்மையான சோடி பின்னால், கடினமான சோடி முன்னால். இதை மாற்றிப் போட்டால் முன்பக்கம் இறுகப் பிடிக்க, பின்பக்கம் வீசி எறியும். விழுந்து முழங்கை தேய்வதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

தரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இங்கே பலர் தவறுகிறார்கள். சீமெந்து வழவழப்பாக இருக்கிறது, கடினமான சில்லு வேகமாக ஓடும் என்று 86ஏ போடுவார்கள். உருளுவது உண்மையில் வேகமாகத்தான் உருளும். ஆனால் தரிப்பிடச் சீமெந்தில் மெல்லிய தூசியும் வண்டிகள் சிந்திய எண்ணெயும் படிந்திருக்கும். பெயின்ற் கோடுகள் வேறு. அங்கே பின்சில்லு 80க்கு மேல் போகவேண்டாம். சொரசொரப்பான தாரிலும் மென்மைதான் வேகம் தரும், காரணம் வேறு: கடினச் சில்லு ஒவ்வொரு கல்லிலும் ஏறித் துள்ளும், மென்மையானது கல்லை உள்வாங்கிக்கொண்டு முன்னே போகும். பின்னாலும் 86ஏயை நாடவேண்டிய ஒரே தரை, சுத்தமான, ஒரே சீராகப் போடப்பட்ட புதுத் தார்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். யூரித்தேன் சூடேறினால் மென்மையாகும். மதிய வெயிலில் நம் தார் வீதி 50 பாகை செல்சியஸைத் தாண்டும். காலை ஏழு மணிக்குச் சரியாக இருந்த 80ஏ பதினொரு மணிக்கு நெளிவதாகத் தோன்றினால் சில்லில் பழுதில்லை. குளிர்நாட்டு ஓட்டக்காரர்கள் 78 என்று எழுதுவதை வாசித்துவிட்டு அதையே இங்கே வாங்கவும் வேண்டாம்.

ஒரே எண் போட்ட இரண்டு சில்லுகள் ஒரே மாதிரி ஓடாது. யூரித்தேன் கலவையைப் பொறுத்து அதன் துள்ளல் மாறும், வேகத்தின் பெரும்பகுதி அந்தத் துள்ளலில் இருக்கிறது. கடையிலேயே பார்த்துவிடலாம். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு சில்லுகளைப் பெயாரிங் இல்லாமல் எடுத்து, நிலத்தைத் தொடும் பக்கம் கீழே வரும்படி, ஒரே உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விடுங்கள். உயரமாகத் துள்ளுவது நீங்கள் கொடுக்கும் விசையைத் திருப்பித் தரும். பொத்தென்று படுத்துவிடுவது அதைச் சூடாக்கித் தின்றுவிடும்.

இனி விட்டம். நெருக்கமான கோன்களுக்கு 63 முதல் 70 மி.மீ. வரை பொருந்தும், 72, 75 எல்லாம் கோன்கள் நன்றாக விலகி நிற்கும் ஜயன்ற் ஸ்லாலத்துக்கு. நீங்கள் ஸ்ட்ரீட் போர்டில் ஓடுவதால் 66 மி.மீ. எடுங்கள். 10 முதல் 12 மி.மீ. தடிப்பான ரைசர்த் தட்டை ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே வைத்தால் தட்டுவது நிற்கும். வழமையான 25 மி.மீ. போல்ட் அப்போது எட்டாது, 38 மி.மீ. வேண்டும். பூட்டியபின் பலகையில் ஏறி நின்று முழுவதும் சாயுங்கள். சில்லுக்கும் பலகைக்கும் இடையில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளியாவது இருக்கவேண்டும். பின்னர் ஒடுங்கிய ஸ்லாலம் பலகை வாங்கினால் 70க்குப் போகலாம்.

விளிம்பும் கருவும் (பெயாரிங் பொருந்தும் உள்வளையம்)தான் கடைக்காரர் சொல்லாமல் விடுபவை, பிடிப்பில் பாதி அவற்றில் இருக்கிறது. விளிம்பு கூர்மையான சதுரமாக இருக்கவேண்டும். உருண்டை விளிம்பு மெதுவாக வழுக்குவதற்கானது. கரு கடினமான பிளாஸ்ரிக்கில் இருக்கவேண்டும். கருவே இல்லாத மென்சில்லில் பெயாரிங் இருக்கும் குழி அழுத்தத்தில் நெளிந்து, பெயாரிங் கோணலாகச் சுற்றும். கரு இருக்கும் இடத்தையும் பாருங்கள். பெயாரிங் சில்லின் நடுவே இருந்தால், ட்ரக் பக்கமாக யூரித்தேன் நிறைய நீண்டு நிற்கும். திருப்பத்தில் தரையைக் கடிப்பது அந்த உள்விளிம்புதான். பெயாரிங் ட்ரக் பக்கம் ஒதுங்கி இருந்தால் உள்விளிம்பு குறைவு, பிடிப்பும் குறைவு. எனவே நடுக்கரு, அல்லது சற்றே ஒதுங்கிய கரு. ஆனால் நடுக்கருச் சில்லு ஸ்ட்ரீட் ட்ரக்கின் கைப்பகுதியில் உரசக்கூடும். உள்பக்கம் ஒரு மெல்லிய வொஷரைக் கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். வெளியே நட்டின் நைலோன் வளையம் மரையை முழுதாகப் பிடிக்க இடம் மிஞ்சவேண்டும். மிஞ்சாவிட்டால் ஒதுங்கிய கருவையே எடுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்க வசதியாக ஒன்று: அபெக் 11 நிறுவனத்தின் ஸிக்ஸாக் சில்லுகள் ஸ்லாலத்துக்கென்றே வந்தவை, 66, 70 மி.மீ. அளவுகளில். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ சொந்தக்காரர் வருகிறார் என்றால் 80ஏயில் நான்கு, 83ஏயில் நான்கு கொண்டுவரச் சொல்லுங்கள். எட்டுச் சில்லு கையில் இருந்தால் நான்கும் 80, நான்கும் 83, கலப்பு என்று மூன்று அமைப்புகள் கிடைக்கும். நிறத்தைச் சொல்லி வாங்கச் சொல்லாதீர்கள். ஒரு நிறுவனத்தின் மஞ்சள் இன்னொரு நிறுவனத்தின் மஞ்சள் அல்ல.

அந்த நிறுவனத்தின் பெயருக்கும் பெயாரிங் தரத்துக்கும் தொடர்பில்லை. அபெக் தரம் 1, 3, 5, 7, 9 என்பதோடு முடிகிறது. அது சொல்வது பெயாரிங் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டது என்பதை மட்டுமே. 70 மி.மீ. சில்லு மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,270 தடவை சுற்றும். பல்லாயிரம் சுற்று ஓடும் இயந்திரங்களுக்கான துல்லியத்துக்கு இங்கே வேலை இல்லை. சாதாரண, சுத்தமான 608 பெயாரிங் போதும்; உள்துளை 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. மிஞ்சும் பணத்தில் ஸ்பேசர் வாங்குங்கள். இரண்டு பெயாரிங்குக்கும் நடுவே அந்தச் சிறு குழாய் இல்லாவிட்டால் திருப்பத்தின் பக்கவிசையில் பெயாரிங்குகள் ஒன்றையொன்று நோக்கி நகரும், சில்லு இறுகும், கோன்களுக்கு நடுவே வேகம் காணாமற்போகும். ஸ்பேசர் போட்டு, 13 மி.மீ. சாவியால் நட்டை இறுக்கி, பின் சில்லு தடையின்றிச் சுற்றும்வரை மட்டும் தளர்த்துங்கள். பக்கவாட்டில் ஆடினால் தளர்த்தியது கூடிவிட்டது.

வெள்ளவத்தையில் கடற்காற்றின் உப்பு பெயாரிங்கைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்ககோலில் கழுவி, முழுதும் உலரவிட்டு, தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும்.

ஏழாவது கோனில் வழுக்குவதைச் சில்லின் தலையில் மட்டும் போடமுடியாது. ஸ்ட்ரீட் போர்டில் இரண்டு ட்ரக்கும் ஒரே அளவு திரும்பும். வேகம் ஏறியதும் பின்பக்கம் தேவைக்குமேல் வளைந்து வெளியே வீசும். அது உங்களுக்கு ஏழாவது கோனில் நடக்கிறது, ஏனென்றால் அங்குதான் உங்கள் பம்ப் உச்சத்துக்கு வருகிறது. முன் ட்ரக்கின் அடியில் 5 பாகை சாய்ந்த ஆப்பு ரைசரை, தடித்த முனை கிங்பின் (ட்ரக்கின் நடுவே உள்ள பெரிய போல்ட்) பக்கம் வரும்படி வையுங்கள். அப்போது முன் ட்ரக் கூடுதலாகத் திரும்பும். பின் ட்ரக்கில் அதையே எதிர்ப்பக்கமாக, மெல்லிய முனை கிங்பின் பக்கம் வரும்படி வையுங்கள், திரும்புவது குறையும். பின் புஷிங்கையும் (கிங்பின்னைச் சுற்றியுள்ள மென்வளையம்) முன்னதைவிட ஒரு படி கடினமாக்குங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல சில்லு போட்டாலும் பாதிப் பயன்தான்.

புதுச் சில்லில் வார்ப்பின் வழவழப்பு இருக்கும், முதல் நாள் அது வழுக்கும். 80 இலக்க உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள், அல்லது சொரசொரப்பான தாரில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதற்குமுன் கோன்களுக்குள் இறங்கவேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஓடுபாதையைத் தும்புத்தடியால் கூட்டி, சில்லை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஒக்ரோபர், நவம்பரில் பின்னேர மழை வரும், காலை நேரத்தைப் பிடியுங்கள். ஈரத்தில் எந்தச் சில்லும் பிடிக்காது.

சோதிக்கும்போது ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். அதே 15 கோன், அதே இடைவெளி, அதே நேரம். ஒவ்வொரு அமைப்பிலும் ஐந்து ஓட்டம் ஓடி, மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் தள்ளிவிட்டு மீதி மூன்றின் சராசரியை எழுதிவையுங்கள். விழுந்த கோன்களையும் எண்ணுங்கள். போட்டியில் ஒவ்வொன்றுக்கும் உங்கள் நேரத்தில் கூட்டுவார்கள். பின்பு சில்லைப் பாருங்கள். மேற்பரப்பு மங்கலாக, ஒரே சீராக இருந்தால் பிடித்திருக்கிறது. குறுக்கே கோடு கோடாகத் தேய்ந்திருந்தால் வழுக்கி வழுக்கிப் பிடித்திருக்கிறது. அப்படியானால் பின்னால் ஒரு படி மென்மைக்கு இறங்குங்கள். ஒரு கோன்கூட விழாமல், வழுக்காமல் ஓடினால் முன்சோடியை 83இலிருந்து 86க்கு ஏற்றிப் பாருங்கள். சராசரி குறையாவிட்டால் 83க்கே திரும்புங்கள். தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்கவேண்டாம். எல்லையைத் தேடும்போதுதான் விழுவோம்.

உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட முன்கூட்டியே தேயும். மாதம் ஒருமுறை வேர்னியரால் இருபக்க விட்டத்தையும் அளந்து, வித்தியாசம் 1 மி.மீ. ஆனதும் நடுக்கருச் சில்லைப் புரட்டிப் போடுங்கள். ஒதுங்கிய கருவென்றால் புரட்டமுடியாது, இடம் வலமாக மாற்றிக்கொள்ளத்தான் முடியும். உள்விளிம்பின் கூர்மை போன அந்தச் சோடியைப் பின்னாலிருந்து எடுத்துவிடுங்கள்.