ஈ.ஐ. மறுக்கப்பட்டால்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஈ.ஐ. (எம்ப்ளோய்மென்ற் இன்சூரன்ஸ்), அதாவது வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதி பற்றியவை. 1996இல் சட்டத்தின் பெயர் மாறினாலும், கனடாவில் நம்மவர் பலர் இன்னும் 'அனெம்ப்ளோய்மென்ற்' என்று சொல்லும் அதே காப்புறுதிதான். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகத் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஸ்காபரோவில் உணவுப் பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடம் பகல் வேலை செய்தேன். ஒக்ரோபரில் எல்லோரையும் இரவு ஷிஃப்ற்றுக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் சின்னவர்கள், கணவருக்கும் இரவு வேலை. வேறு வழியில்லாமல் வேலையை விட்டேன். 'தக்க காரணமின்றித் தானாக விலகினார்' என்று ஈ.ஐ.யை மறுத்துக் கடிதம் வந்திருக்கிறது. இனி ஏதும் செய்யலாமா?

பதில்: செய்யலாம். உங்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. ஆனால் முதலில் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். தீர்மானம் உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிகாரி அதற்கு முன்பே போனில் முடிவைச் சொல்லியிருந்தால், அந்த நாளிலிருந்தே கணக்கு என்று வாதம் வரலாம். ஆகவே கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். மறுபரிசீலனைக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பி அஞ்சலில் அனுப்பலாம், ஈ.ஐ.யைக் கவனிக்கும் அரச சேவையான சேர்விஸ் கனடாவின் அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை கேட்டு வாங்குங்கள். கட்டணம் கிடையாது. முதல் முடிவை எடுத்தவர் அல்லாத இன்னோர் அதிகாரியே கோப்பைப் பார்ப்பார்.

இனி முக்கியமான பகுதி. சட்டம் பார்க்கிற கேள்வி ஒன்றுதான்: எல்லாச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால், விலகுவதைத் தவிர நியாயமான வேறு வழி உங்களுக்கு இருந்ததா? சட்டத்தின் 29ஆம் பிரிவு தக்க காரணங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. பிள்ளையையோ நெருங்கிய குடும்பத்தவரையோ பராமரிக்க வேண்டிய கட்டாயம், சம்பளத்தில் பெரிய மாற்றம், வேலைப் பொறுப்புகளில் பெரிய மாற்றம், தொந்தரவு, உடல்நலத்துக்கு ஆபத்தான வேலைச் சூழல், ஓவர்ரைம் காசு கொடுக்க மறுப்பது ஆகியவை அதில் உண்டு. ஆனால் பட்டியலில் உங்கள் காரணம் இருப்பது மட்டும் போதாது. விலகுவதற்கு முன் என்ன முயற்சி செய்தீர்கள் என்று கேட்பார்கள். அங்கேதான் பெரும்பாலான கோரிக்கைகள் விழுகின்றன.

எனவே 'மிகவும் மன அழுத்தமாக இருந்தது, தயவுசெய்து உதவுங்கள்' என்று ஒரு பக்கம் எழுதாதீர்கள். திகதி போட்டு எழுதுங்கள். 'ஒக்ரோபர் 6: இரவு ஷிஃப்ற் அறிவித்தல் ஒட்டப்பட்டது. 7: பகலிலேயே விடும்படி சூப்பர்வைசருக்கு ரெக்ஸ்ற் அனுப்பினேன். 9: முடியாது என்று பதில். 10: இரண்டு பராமரிப்பு நிலையங்களைக் கேட்டேன், இரவில் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை என்றார்கள். 14: மனேஜரிடம் ஒரு மாதம் லீவு கேட்டேன்.' இப்படி. ரெக்ஸ்ற்றை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, கணவருடைய வேலை நேரத்தைக் காட்டும் ஒரு தாளையும் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று இணையுங்கள். வேறு வேலை தேடியிருந்தால் அதையும் சேருங்கள். விலகுவதற்கு முன் தேடியது பின்னர் தேடியதைவிடப் பெறுமதியானது.

ஓர் எச்சரிக்கை. முதல் விண்ணப்பத்தில் 'தனிப்பட்ட காரணம்' என்று மட்டும் குறித்துவிட்டு இப்போது வேறு கதை சொல்வதாகத் தோன்றினால் அது உங்களுக்கு எதிராக நிற்கும். முதலில் சொன்னதையே அதிகம் நம்புவது வழக்கம். அன்று ஏன் சுருக்கமாகச் சொன்னீர்கள் என்பதையும் ஒரு வரியில் விளக்குங்கள்: ஆங்கிலம் போதாமை, பெட்டியில் இடமின்மை, எதுவோ அதை. அதோடு உங்கள் ஆர்.ஓ.ஈ.யில் (வேலை முடிந்ததும் கொம்பனி கொடுக்கும் வேலைப் பதிவுப் பத்திரம்) 16ஆம் பெட்டியைப் பாருங்கள். 'ஈ' என்றால் தானாக விலகியது, 'எம்' என்றால் நீக்கப்பட்டது, 'ஏ' என்றால் வேலை இல்லாமை. எழுத்துப் பிழையாக இருந்தால் திருத்தும்படி கொம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மறுத்தாலும், நீங்கள் கேட்ட கடிதம் கோப்பில் இருக்கட்டும்.

கேள்வி: மறுத்துவிட்டார்கள்தானே, இரண்டு வாரத்துக்கொருமுறை றிப்போட் போடுவதை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே வேண்டாம். மேன்முறையீட்டில் வென்ற பிறகு, கையில் காசு வராமல் தவிப்பவர்களில் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். வெற்றி என்பது 'தகுதி உண்டு' என்ற முடிவு மட்டுமே. எந்தெந்த வாரங்களுக்குப் பணம் என்பதை றிப்போட்டுகள்தான் சொல்கின்றன. தபாலில் வந்த நான்கு இலக்க இரகசிய எண்ணை வைத்து இணையத்திலோ போனிலோ போடுங்கள். வேலை செய்தீர்களா, வேலைக்குத் தயாராக இருந்தீர்களா, நாட்டுக்கு வெளியே போனீர்களா, படிக்கிறீர்களா, வேறு பணம் வந்ததா என்பவைதான் கேள்விகள். கணினி உங்கள் றிப்போட்டை ஏற்காவிட்டால், அன்றே அழைத்து, பேசியவர் சொன்னதையும் திகதி நேரத்தையும் குறித்து வையுங்கள்.

கூடவே ஒரு கொப்பியில் வேலை தேடிய விபரம்: திகதி, கொம்பனி, எப்படி விண்ணப்பித்தது, பதில். 'பகல் மட்டும்தான், வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம்தான்' என்று நீங்களே நிபந்தனை போட்டுக்கொண்டால் 'வேலைக்குத் தயாராக இல்லை' என்று இன்னொரு மறுப்பு வரும். மேலே எழுதிய வாசகிக்கும் இது பொருந்தும். இரவு வேலை முடியாது என்றவர், பகல் வேலைகளுக்கு உண்மையாகவே விண்ணப்பித்ததைக் காட்ட வேண்டும்.

கேள்வி: வேலை நேரத்தில் போன் பார்த்ததாகச் சொல்லி என்னை நீக்கினார்கள். 'நடத்தைத் தவறு' என்று ஈ.ஐ. இல்லை என்றார்கள். மறுபரிசீலனையிலும் அதே பதில். இனித் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்கிறார்கள். வக்கீல் பிடிக்க வசதியில்லை. எப்படி நடக்கும்? (பிறம்ரன்)

பதில்: வக்கீல் கட்டாயமில்லை. மறுபரிசீலனைக் கடிதம் கிடைத்து 30 நாட்களுக்குள் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்தின் பொதுப் பிரிவுக்கு மேன்முறையீடு செய்யலாம். எங்கே அனுப்புவது என்று கடிதத்திலேயே இருக்கும். மறுபரிசீலனை முடியாமல் நேராக அங்கே போக முடியாது. படிவத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று குறியுங்கள், இலவசம். வீட்டில் கதைக்கும் ஆங்கிலம் போதும் என்று நினைக்காதீர்கள். 'எச்சரித்தார்களா', 'தெரியுமா', 'வேண்டுமென்றா' என்ற சொற்களில்தான் வழக்கே தங்கியிருக்கிறது. போன், காணொளி, நேரில், எழுத்தில் என விசாரணையின் வகையையும் தெரிவு செய்யலாம்.

பிறகு ஒரு கட்டுக் காகிதம் வரும். பக்க மூலையில் 'ஜி.டி. 3-1', 'ஜி.டி. 3-2' என்று இலக்கம் இருக்கும். ஜி.டி. 3 என்பது உங்கள் கோப்பு முழுவதும்: விண்ணப்பம், ஆர்.ஓ.ஈ., முதலாளி அதிகாரியிடம் போனில் சொன்னதன் குறிப்பு, நீங்கள் சொன்னதன் குறிப்பு. ஜி.டி. 4 என்பது மறுத்தவர்களின் வாதம். இரண்டையும் பென்சிலோடு உட்கார்ந்து வாசியுங்கள். 'மூன்று முறை எச்சரித்தோம்' என்று முதலாளி சொல்லியிருந்தால், எழுத்தில் உள்ள எச்சரிக்கை எங்கே என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்க இலக்கத்தைக் குறித்து விசாரணையில் சொல்லுங்கள்.

சட்டப்படி நடத்தைத் தவறு என்றால், வேண்டுமென்றே அல்லது என்ன ஆனாலும் சரி என்ற அலட்சியத்தோடு செய்திருக்க வேண்டும். அதற்காக வேலை போகலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க, அல்லது தெரிந்திருக்க வேண்டியதாக இருக்க வேண்டும். இதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதல்ல, ஈ.ஐ.யை மறுத்த காப்புறுதி ஆணையத்தினுடையது. இரு பக்கச் சான்றும் சமமாக நின்றால், சந்தேகத்தின் பலனை ஆணையம் உங்களுக்கே தர வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது.

நம்மவர் விசாரணையில் செய்யும் தவறு, முதலாளி எவ்வளவு அநியாயக்காரர் என்று அரை மணி நேரம் சொல்வது. கோபம் நியாயமானதுதான். ஆனால் நீக்கியது சரியா பிழையா என்று தீர்ப்பாயம் தீர்ப்பதில்லை, அதற்கு வேறு இடம். நீங்கள் செய்தது என்ன, விதி என்ன, அது உங்களுக்குச் சொல்லப்பட்டதா என்பவற்றோடு நில்லுங்கள். பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த அழைப்பைப் பார்த்தீர்களானால் அந்த நாளின் அழைப்புப் பட்டியலை எடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள். தமிழ்க் காகிதம் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். விசாரணையில் பெரும்பாலும் ஓர் உறுப்பினரும் நீங்களும்தான் இருப்பீர்கள். ஆணையத்தின் ஆள் அநேகமாக வருவதில்லை, முடிவு எழுத்தில் வரும். தோற்றால் மேன்முறையீட்டுப் பிரிவு உண்டு, ஆனால் அங்கே முதலில் அனுமதி பெற வேண்டும். கதையை மீண்டும் சொல்வது அங்கே எடுபடாது, தீர்ப்பில் என்ன பிழை என்று காட்ட வேண்டும்.

ஒன்ராறியோவில் சமூக சட்ட உதவி நிலையங்கள் சில ஈ.ஐ. வழக்குகளை இலவசமாக எடுக்கின்றன. 30 நாள் ஓடுவதற்கு முன் அழையுங்கள்.

கேள்வி: வழக்கு வென்று ஏழு வாரமாகிறது. வங்கியில் ஒன்றும் விழவில்லை. வாடகை நிற்கிறது.

பதில்: முதலில் உங்கள் இணையக் கணக்கைத் திறந்து எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். வழக்கமாக இவைதான் தடுக்கும். போடாத றிப்போட்டுகள். கடந்த 52 வாரத்தில் செய்த இன்னொரு வேலையின் ஆர்.ஓ.ஈ. வராமை. பழைய வங்கிக் கணக்கு. 9இல் தொடங்கும் தற்காலிக சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம் காலாவதியானது. அல்லது நீங்கள் வென்ற விடயம் ஒன்று, இன்னும் தீராத விடயம் வேறொன்று. ஆர்.ஓ.ஈ.தான் பிரச்சினை என்றால் சம்பளத் துண்டுகளைக் கொடுத்துக் கேட்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போங்கள். ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைத்தால் அங்குள்ளவர்கள் உங்கள் கோப்பைப் பற்றி நேரடியாக விசாரிப்பார்கள். இது சலுகையல்ல, அவர்களுடைய அன்றாட வேலை. வெட்கப்பட வேண்டியதில்லை.

வாடகைக்கு ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற மாகாண உதவிப்பணம் உண்டு, தனியாளுக்கு மாதம் 733 டொலர் வரை. ஈ.ஐ. வந்ததும் அதிலிருந்து பிடித்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்து வாங்குவார்கள். அதனால் வருகிற மொத்தப் பணம் நீங்கள் எண்ணியதைவிடக் குறையும். கணக்கு இப்படி: சராசரி வாரச் சம்பளத்தில் 55 வீதம். 700 டொலர் சம்பளமென்றால் வாரத்துக்கு 385. 2025இல் தொடங்கிய கோரிக்கைகளுக்கு உச்சம் 695. இதிலிருந்து வரி கழியும். மொத்தமாக வரும் பணம் வந்த வருடத்து வருமானமாகவே வரிக்கு ஏறும், எனவே சித்திரை மாத வரிக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: ஈ.ஐ. எடுக்கும்போது அம்மா யாழ்ப்பாணத்தில் தவறிவிட்டார். மூன்று வாரம் போய் வந்தேன். இப்போது திருப்பிக் கட்டு, அபராதம் என்று கடிதம்.

பதில்: உங்கள் இழப்புக்கு எங்கள் அனுதாபம். நாட்டுக்கு வெளியே இருக்கும் நாட்களுக்கு வழமையான ஈ.ஐ. இல்லை. ஆனால் நெருங்கிய உறவின் இறுதிச் சடங்குக்குத் தொடர்ந்து 7 நாள் வரை விலக்கு உண்டு. மூன்று வாரத்தையும் கழித்திருந்தால் அந்த 7 நாளைக் கேட்டு மறுபரிசீலனை போடுங்கள். மரணச் சான்றிதழ், விமானச் சீட்டு, மரண அறிவித்தல் ஆகியவற்றோடு, அந்த நாட்களிலும் வேலைக்கு அழைத்தால் எப்படித் தொடர்பு கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்திருந்ததையும் காட்டுங்கள். மிச்ச இரண்டு வாரம் திருப்பித்தான் கட்ட வேண்டும்.

கடிதத்தில் மூன்று விடயங்கள் வேறுவேறாக இருக்கலாம்: கூடுதலாகப் பெற்ற பணம், அபராதம், 'மீறல்' அறிவித்தல். மூன்றையும் தனித்தனியே எதிர்க்க வேண்டும். மீறல் அறிவித்தலை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை ஈ.ஐ. எடுக்கத் தேவைப்படும் மணித்தியாலங்களை அது கூட்டும். அபராதம் தெரிந்தே பொய் சொன்னதற்கு மட்டும். 'நாட்டுக்கு வெளியே போனீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று ஏன் அழுத்தினீர்கள்? உங்களுக்குப் பதிலாக வேறு யாரும் போட்டார்களா? உண்மையை எழுதுங்கள். எல்லைச் சேவை முகவரகத்தின் பயணப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் இந்தக் கடிதமே வந்திருக்கும், மறைப்பதில் பலனில்லை. கட்ட முடியாத தொகையைத் தவணையாகக் கட்ட வருமான வரித் திணைக்களத்தோடு பேசலாம்.

கேள்வி: மாமாவின் கடையில் வேலை செய்தேன். 'காப்புறுதிக்கு உட்படாத வேலை' என்கிறார்கள்.

பதில்: உறவுக்காரரிடம் செய்யும் வேலை, அந்நியர் ஒருவரை அதே சம்பளம், அதே நேரம், அதே நிபந்தனையில் வைத்திருப்பார்கள் என்று காட்டினால்தான் காப்புறுதிக்கு உட்படும். இதைத் தீர்மானிப்பது சேர்விஸ் கனடா அல்ல, வருமான வரித் திணைக்களம். உங்கள் வேலை பற்றிய முடிவை நீங்களே அவர்களிடம் கேட்கலாம். வேலை செய்த வருடத்துக்கு அடுத்த வருடம் ஜூன் 30க்கு முன் கேட்க வேண்டும். சம்பளம் வங்கியில் விழுந்ததற்கான பதிவு, நேர அட்டவணை, அதே கடையில் உறவில்லாத ஊழியருக்குக் கொடுத்த மணித்தியாலச் சம்பளம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். கையில் காசாக வாங்கியிருந்தால் இது கடினம், ஆனால் வாங்கிய நாட்களின் குறிப்பும் கடையின் கணக்கும் ஒத்துப்போனால் முயலலாம். முடிவு பாதகமாக வந்தால் 90 நாட்களுக்குள் அமைச்சரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு வரி நீதிமன்றம்.