முகப்பில் 1871 என்று இருந்தால் தேவாலயத்தை இடிக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர்த் தேவாலயம் முருகைக்கல்லால், அதாவது கடற்பவளக் கல்லால் கட்டியது. இப்போது கூரை பழுது. வெளிநாட்டு உறவுகள் காசு அனுப்பியதால் சபைச் செயற்குழு அதை இடித்துப் புது மண்டபம் கட்டப் போகிறது. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் என்பார்கள் பெரியவர்கள். முகப்பிலோ 1871 என்று இருக்கிறது. சபை அங்கத்தவனான நான் இதைத் தடுக்கலாமா?

பதில்: தடுக்கலாம். ஆனால் முதலில் அந்த 1871ஐத் தாண்ட வேண்டும்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் போன கண்டி ஒப்பந்த நாள். யாழ்ப்பாணம் 1795இலேயே ஆங்கிலேயரிடம் போய்விட்டது, ஆனாலும் எங்களுக்கும் அதே கணக்குத்தான். முந்தியதென்று காட்டிவிட்டால் வேண்டுமென்றே இடிப்பது குற்றம்.

முகப்பிலுள்ள ஆண்டு புதுப்பித்த ஆண்டாகவும் இருக்கலாம். போர்த்துக்கேயரின் தேவாலயங்களை 1658இல் ஒல்லாந்தர் எடுத்துக்கொண்டார்கள். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய கட்டடங்களைத் திருத்தித்தான் ஊழியம் தொடங்கினார்கள். உங்கள் தேவாலயத்துக்கும் அப்படியொரு கதை இருக்கக்கூடும். சாந்து உதிர்ந்த இடத்தில் அளவுநாடா வைத்துச் சுவரின் தடிப்பைப் படமெடுங்கள்; முருகைக்கல்லும் சுண்ணாம்பும் தெரிய வேண்டும். நீங்களாகச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். ஞானஸ்நானப் பதிவேடு, பழைய நில அளவைப் படம், காணி உறுதியில் (பத்திரத்தில்) எழுதிய எல்லைகள் எல்லாவற்றையும் தேடுங்கள். யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் படங்களோடு ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலையும் பாருங்கள்.

இவற்றை இணைத்துத் தொல்லியல் பணிப்பாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி, பிரதேச செயலருக்கும் பிரதி அனுப்புங்கள். 1815க்குப் பிந்தியதென்று வந்தாலும் அரசாங்க வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பிரகடனம் செய்யக் கேட்க இடமுண்டு. பிரகடனமானால் கோயில் அரசாங்கத்துக்குப் போய்விடும் என்று ஊரில் பயப்படுவார்கள். உரித்து மாறாது, ஆனால் திருத்த வேலைக்குக்கூட அனுமதி வேண்டும். இதைச் சபையில் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது உறுதி. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து, காணி யார் பெயரில் இருக்கிறதென்று பாருங்கள். மறைமாவட்ட நிர்வாகத்தின் பெயரில் இருந்தால், அதன் சம்மதமில்லாமல் உள்ளூர்ச் செயற்குழு இடிக்க முடியாது. நிர்வாகத்துக்கும், கட்டட அனுமதி கொடுக்கும் பிரதேச சபைக்கும் ஆட்சேபம் எழுதுங்கள்.

ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குப் போடச் சொல்லிச் சிலர் வருவார்கள். அது காணி ஆட்சிப் பிணக்குக்கு, உங்களுக்குச் சரிவராது. இடிக்க நாள் குறித்துவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடைக்கட்டளை கேட்க வேண்டும். உறுதிப் பிரதியும் படங்களும் கையில் இருக்கட்டும். ஜேசிபி வந்த பிறகு அவற்றைத் தேட நேரம் கிடைக்காது.