பட்டாளத்துக்குப் போனால் உளவுத்துறைத் தலைவர் ஆகலாமா?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். மகன் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். உச்சிப்புளி கடற்படைத் தளத்து விமானங்களைப் பார்த்துப் பார்த்தோ என்னவோ, ராணுவ அதிகாரியாகி, நம் நாட்டின் வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வுக்குத் தலைவராக வேண்டும் என்கிறான். நடக்கிற காரியமா? எங்கே ஆரம்பிப்பது?

பதில்: அண்ணே, ஆசை நல்ல ஆசைதான், ஆனால் தம்பி இரண்டு பாதையை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். 1968-ல் ‘ரா’ தொடங்கியபோது முதல் தலைவராக இருந்த ஆர்.என். காவ் போலீஸ் அதிகாரி. பின்னால் வந்தவர்களிலும் ஐ.பி.எஸ்.காரர்களே அதிகம், விக்ரம் சூட் என்பவர் அஞ்சல் துறைப் பணியிலிருந்து வந்து தலைவரானார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சீருடையில் இருக்கும் ஜெனரலே உளவு அமைப்பை நடத்துவது பாகிஸ்தானின் ஐ.எஸ்.ஐ. வழக்கம். சினிமா பார்த்து இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

ராணுவ அதிகாரிக்கென்றே உள்ள நாற்காலி வேறு: பாதுகாப்பு உளவு முகமை, சுருக்கமாக டி.ஐ.ஏ. 1999 கார்கில் போருக்குப் பிறகு, முப்படைகளும் திரட்டும் தகவலை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று 2002-ல் அமைத்தார்கள். முதல் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் கமல் தாவர்.

அந்த நாற்காலிக்கு எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? லெப்டினன்டாகச் சேர்ந்தால் 2 வருஷத்தில் கேப்டன், 6-ல் மேஜர், 13-ல் லெப்டினன்ட் கர்னல். இதுவரை பணிக்காலக் கணக்கிலேயே வந்துவிடும். அதற்குமேல் தேர்வுக் குழு வடிகட்டும், பாதிப் பேருக்கு மேல் அங்கேயே நின்றுவிடுவார்கள், லெப்டினன்ட் ஜெனரல் ஆக 35 வருஷத்துக்குக் குறையாது. அந்தக் காலத்தில் பெரும்பகுதி எல்லையிலும் முகாமிலும் ஜவான்களை நடத்துவதில்தான் போகும். உளவு வேலை நடுநடுவே வரும் ஒரு பணியிடம், அவ்வளவே. உளவுக்கென்றே இன்டெலிஜென்ஸ் கோர் என்ற தனிப்பிரிவும் உண்டு, அதன் பயிற்சிப் பள்ளி புனேயில்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு முறை நடத்தும் என்.டி.ஏ. தேர்வு. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள், பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். காமர்ஸ் என்றால் தரைப்படைக்கு மட்டும்தான் வழி, கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். ஆனால் எந்தப் படை கேட்டாலும் 300 மதிப்பெண்ணுக்குக் கணிதத் தாள் எழுதியே ஆகவேண்டும், அதுவும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கேள்வி. காமர்ஸ் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான், ஆகவே ட்யூஷன் காசை முதலில் இதில் போடுங்கள்.

எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண் என்றால், அதில் தேறியவர்களுக்குப் படைத் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.எஸ்.பி. நேர்காணலும் 900. ஐந்து நாள் நடக்கும். திரையில் 15 விநாடிக்கு ஒரு சொல்லாக 60 சொல் வரும், ஒவ்வொன்றுக்கும் மனதில் பட்டதை எழுத வேண்டும். மனப்பாடம் இங்கே எடுபடாது.

இன்னொன்று, இது நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு: கடலில் முங்கி முங்கி காதில் சீழ் வைத்து, வைத்தியம் பார்க்காமல் விட்டிருப்பார்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் தள்ளிவிடுவார்கள். விண்ணப்பம் போடும் முன்பே ஒரு காது டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தேர்வானால் பயிற்சிச் செலவு அரசாங்கத்துடையது, படகை அடகு வைக்கத் தேவையில்லை.

என்.டி.ஏ. கைநழுவினால் டிகிரி முடித்து, பட்டதாரிகளைப் படை அதிகாரிகளாக எடுக்கும் சி.டி.எஸ். தேர்வு எழுதலாம். அதில் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியைத் தேர்ந்தெடுத்தால் கணிதத் தாளே கிடையாது, ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும்தான். தம்பிக்கு ‘ரா’தான் வேண்டும் என்றால் அதே டிகிரியை வைத்து சிவில் சர்வீஸ் எழுதி ஐ.பி.எஸ். பக்கம் போகட்டும்.