மடியில் குழந்தை, மேசையில் பாதி கவுன்

கேள்வி: எனக்கு நான்கு வயதில் மகள், எட்டு மாதத்தில் மகன். வேலையிலிருந்து நீண்ட விடுப்பில் இருக்கிறேன். வெளிச்சாப்பாட்டைக் குறைக்கலாம், குழந்தைகளின் துணியை நானே தைக்கலாம், நாலு செடி வளர்க்கலாம் என்று ஆசையாக ஆரம்பித்தேன். தையல் மிஷின் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. மகளுக்கு வெட்டிய கவுன் இன்னும் பாதியில் கிடக்கிறது. மேலே தையல் ஒழுங்காகத் தெரிகிறது, துணியைத் திருப்பினால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக் கிடக்கிறது. தயிர் ஒரு நாள் கெட்டியாக உறைகிறது, ஒரு நாள் பாலாகவே இருக்கிறது. ஜன்னல் ஓரத் தக்காளிச் செடி நெடுநெடுவென்று வளர்கிறது, பூக்கிறது, பூவெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. மகனுக்குச் சர்க்கரை வேண்டாம், கூழில் தேன் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். கணவர் நல்லவர்தான். ஆனால், "எல்லாத்தையும் வாங்கிக்கலாமே, உன்னை யார் கஷ்டப்படச் சொன்னது?" என்கிறார். மற்ற பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? எனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தத் தேன் பாட்டிலை எடுத்து மேல் தட்டில் வையுங்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசுவோம்.

ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும், நீங்களே கூட்டிலிருந்து எடுத்த தேனாக இருந்தாலும் கூடாது. தேனில் சில சமயம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். நம் குடல் அவற்றைக் கண்டுகொள்ளாது. பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடலாம். கூழோடு சேர்த்துக் கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. ஏற்கெனவே ஒரு வாய் கொடுத்திருந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் மலச்சிக்கல், பால் குடிக்கச் சோம்பல், அழுகை மெலிவது, இமை சரிவது, உடல் துவண்டுபோவது என்று எதைப் பார்த்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கூழுக்கு இனிப்பு வேண்டுமானால் நன்றாகப் பழுத்த பழத்தை மசித்துச் சேருங்கள். உப்பும் ஒரு வயதுவரை தனியாகச் சேர்க்க வேண்டாம்.

சரி, இப்போது சாமர்த்தியத்துக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் சாமர்த்தியக் குறைவு எங்கும் இல்லை. மூன்று வேலைகளையும் ஒரே மாதிரி நேரத்தில் செய்துவிடலாம் என்று நினைத்ததுதான் சிக்கல். சமையல் காத்திருக்காது. பசி வந்தால் வந்ததுதான். ஆனால் நடுவில் அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கலாம், திரும்பி வந்து தொடரலாம். தையல் எத்தனை மாதமானாலும் காத்திருக்கும். ஆனால் உட்கார்ந்துவிட்டால் முக்கால் மணி நேரமாவது யாரும் கூப்பிடக் கூடாது. செடிக்கு ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தைத் தவறவே விடக் கூடாது. எட்டு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டு நிமிடங்கள் நிறையக் கிடைக்கும். முழுதாக முக்கால் மணி நேரம்? உங்களுக்கே தெரியும்.

அதனால் தையலைச் சுருக்குங்கள், சமையலில் ஒன்றிரண்டை மட்டும் கைப்பழக்கமாக்குங்கள், செடியை மாற்றுங்கள். ஏன் மாற்றச் சொல்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

தயிரை எடுத்துக்கொள்வோம். உங்கள் உறை மோர் மேல் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். பாலைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு மகனைத் தூங்கவைக்கப் போகிறீர்கள். அவன் நேரத்தோடு தூங்கிய நாளில் பால் சரியான சூட்டில் இருக்கும், தயிர் உறையும். நெடுநேரம் படுத்திய நாளில் பால் ஆறிக் குளிர்ந்திருக்கும், உறை மோர் அதில் சும்மா கிடக்கும். அவசரப்பட்டுக் கொதிக்கும் சூட்டிலேயே ஊற்றினால் தயிராக்கும் பாக்டீரியா செத்தே போய்விடும். வேண்டியது 43 முதல் 45 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாவிட்டால், கழுவித் துடைத்த சுண்டுவிரலைப் பாலில் விட்டுப் பாருங்கள். பத்து எண்ணும்வரை பொறுக்க முடிந்து, அதே சமயம் நன்றாகச் சூடு தெரிந்தால் அதுதான் பதம். பால் ஆறிப்போய்விட்டதா? கொஞ்சம் சூடு காட்டிவிட்டு ஊற்றுங்கள், அவ்வளவுதான். அரை லிட்டருக்கு ஒரு ஸ்பூன் போதும். ஊற்றிக் கலக்கிய பிறகு கெட்டியான துணியால் சுற்றி வைத்துவிட்டு, ஆறேழு மணி நேரம் பாத்திரத்தை அசைக்காமல் விடுங்கள். நடுவில் உறைந்ததா என்று சாய்த்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எனக்கு இருந்தது.

சாப்பாட்டில் ஒரே ஒரு யோசனை. குழந்தைக்கென்று தனிப் பாத்திரம் ஏற்றாதீர்கள். எல்லோருக்கும் வேகும் பருப்பிலும் காயிலும் உப்பு, காரம் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து மசித்துவிட்டால் மகனின் சாப்பாடு முடிந்தது. நேரம் கிடைக்கும் நாளில் இரண்டு மடங்காகச் செய்து பாதியை ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஆனால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும், ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி வைத்தால் சீக்கிரம் குளிரும். சாதத்தில் இன்னும் கவனம் தேவை. வெளியே நெடுநேரம் கிடந்த சாதத்தில் உண்டாகும் ஒரு வகை நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஊறுகாய், ரொட்டி, ஜாம் எல்லாம் வீட்டிலேயே செய்தாக வேண்டும் என்று உங்களை யாரும் தேர்வு வைக்கவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள். காய்கறியைப் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கும் யோசனை இருந்தால் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். புளிப்பில்லாத காயை அப்படி அடைக்கச் சாதாரணமாகக் கொதிக்கவைப்பது போதாது, முன்னே சொன்ன அதே போட்டுலினம் அங்கேயும் வரும். காயை ஃபிரீசரில் வைப்பதே நல்லது.

அடுத்து அந்தக் குருவிக்கூடு. இதைப் பார்த்துத்தான் பலர் மிஷினை மூடி வைத்துவிடுகிறார்கள். அடியில் சிக்குவதால் அடியில்தான் கோளாறு என்று அடி நூல் சுற்றிய பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருப்பீர்கள். கோளாறு மேல் நூலில். மேல் நூல் ஊசிக்கு வரும் வழியில் இரண்டு சிறு தட்டுகளுக்கு நடுவே இறுக்கமாகப் போக வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் அந்த ஃபுட்டைத் தூக்கி வைத்தால்தான் அந்தத் தட்டுகள் திறக்கும். ஃபுட் கீழே இருக்கும்போது நூல் கோர்த்தால், நூல் தட்டுக்குள் போகாமல் வெளியிலேயே தொங்கிவிடும். இழுத்துப் பிடிக்க ஆளில்லாத நூல் துணிக்கு அடியில் போய்க் குவியும். ஆகவே ஃபுட்டைத் தூக்குங்கள், மேல் நூலை முழுதாக உருவிவிட்டு முதலிலிருந்து கோருங்கள். பிறகு ஃபுட்டை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள், கை உணரும்படி இறுக்கம் தெரிய வேண்டும். தைக்க ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் ஒரு விரல் நீளத்துக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு மூன்று தையலைப் போடுங்கள். இதற்கும் சரியாகாவிட்டால் ஊசியை மாற்றுங்கள். சாதாரணப் பருத்தித் துணிக்கு 90/14 என்று போட்ட ஊசி சரியாக இருக்கும். சுமார் எட்டு மணி நேரம் தைத்த ஊசி முனை மழுங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தையல் விட்டு விட்டு விழுவதில் தெரியும்.

ஆனால் இப்போது கவுன் தைக்காதீர்கள். கிழிந்த தையலைப் போடுவது, அறுந்த எலாஸ்டிக்கை மாற்றுவது, பெரிய துணியைச் சின்னதாக்குவது, இதெல்லாம் கால் மணி நேர வேலைகள். மிஷின் கைக்குப் பழகுவதும் இவற்றில்தான். சொந்தமாகத் தைத்தால் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். துணி, நூல், கெடுத்துவிட்டு மறுபடி வாங்கும் துணி எல்லாவற்றையும் கூட்டினால் ஆரம்பத்தில் மிச்சம் எதுவும் இருக்காது. பிடித்திருந்தால் தையுங்கள், அது போதுமான காரணம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் மகன் தவழும் வயதில் இருக்கிறான். தரையில் விழுந்த குண்டூசி உங்கள் கண்ணுக்கு முன்னால் அவன் கண்ணுக்குத்தான் படும். பத்து குண்டூசி எடுத்தால் எழுந்திருக்கும் முன் பத்தையும் எண்ணுங்கள். துணி உலர்த்தும் சின்ன கிளிப்புகளே பல இடங்களில் குண்டூசி வேலையைச் செய்துவிடும். அவன் சட்டைக்குப் பட்டனும் கழுத்துக் கயிறும் வேண்டாம். பட்டன் பிய்ந்தால் தொண்டையில் சிக்கும்.

தக்காளிக்கு வருகிறேன். நெடுநெடுவென்று வளர்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வளர்ச்சி என்று நினைத்துவிட்டீர்கள். வெளிச்சத்தைத் தேடி அது கழுத்தை நீட்டுகிறது. தக்காளிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பூ உதிர்வதற்கு வெளிச்சக் குறைவும் காரணம், காற்று படாததும் காரணம். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் அதை யாராவது உலுக்க வேண்டும். வெளியில் காற்றும் வண்டும் செய்யும் அந்த வேலையை மூடிய ஜன்னலுக்குள் யார் செய்வது? மகளிடம் சொல்லுங்கள். மதிய வேளையில் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிட வேண்டும், தினமும். நான்கு வயதுக்கு இதைவிடப் பெருமையான உத்தியோகம் கிடையாது.

வெயில் வரும் இடமே வீட்டில் இல்லையென்றால் தக்காளியை விட்டுவிடுங்கள். புதினாக் காம்பை அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். வெங்காயத் தாளின் வேர்ப்பக்கத்தை ஒரு விரல்கடை விட்டு நறுக்கி, தண்ணீரில் வைத்தால் சில நாட்களிலேயே பச்சை நீளும். இவை குறை வெளிச்சத்திலும் பிழைக்கும். தொட்டியில் வைத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் விரலை மண்ணில் இரண்டு சென்டிமீட்டர் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். தொட்டிச் செடிகள் பலவும் தாகத்தில் சாவதைவிட அன்பில் மூழ்கித்தான் சாகின்றன. ஜன்னலில் மணி பிளான்ட் இருந்தால் மகனுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். அதன் இலையைக் கடித்தால் வாயெல்லாம் எரிந்து வீங்கும்.

கணவர் விஷயம். "உன்னை யார் கஷ்டப்படச் சொன்னது?" என்பதைக் குத்தலாகத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அவர் உங்கள் களைப்பைப் பார்த்திருக்கிறார், சொல்லத்தான் தெரியவில்லை என்று தோன்றுகிறது. ஆனால் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்வதோடு அவர் வேலை முடிந்துவிடாது. உதவி கேட்காதீர்கள், முழுதாக ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு இரவுச் சாப்பாடு அவருடையது. என்ன செய்வது, என்ன வாங்குவது, பாத்திரம் கழுவுவது உட்பட. அவர் செய்தது சுமாராக இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் உங்கள் தையலுக்கு. கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

மற்ற பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சுட்ட ரொட்டியோடு ஒரு அம்மா சிரிக்கும் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தை எடுத்த நேரத்தில், கைக்குழந்தை யாரோ ஒருவர் இடுப்பில் இருந்திருக்கும்.

கடைசியாக அந்தக் கவுன். வெட்டி மூன்று மாதம் ஆகிறதென்றால் அப்படியே தைத்துவிடாதீர்கள். நான்கு வயதில் குழந்தை வருடத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் வளரும், இதற்குள் மகள் ஒன்றரை சென்டிமீட்டராவது உயர்ந்திருப்பாள். மறுபடி அளவெடுங்கள். இன்னொன்று, வெட்டும் முன் துணியை நனைத்தீர்களா? என் மகளுக்கு நான் தைத்த முதல் பாவாடை, நனைக்காத பருத்தித் துணி. ஒரே சலவையில் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. நீங்களும் நனைக்காமல் வெட்டியிருந்தால் துண்டுகளை இப்போதே தண்ணீரில் போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகு தையுங்கள். நீளம் குறைந்தால் கீழே வேறு நிறத் துணியில் நான்கு விரல் அகலப் பட்டை வைத்துவிடலாம். அந்தப் பட்டையில் ஒரு டக், அதாவது மடித்துத் தைத்த மடிப்பு, பிடித்துவிட்டால் அடுத்த வருடம் பிரித்துவிட்டு நீளமாக்கிக்கொள்ளலாம். நிறத்தை மகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆனால் பொருந்தாத நிறமாகத்தான் எடுப்பாள், அதற்குத் தயாராக இருங்கள்.